அடைவு: ஒரு பெயரின் கொடிவழி

கடலூருக்கு மேற்கே கெடிலக் கரையில் இருக்கும் திருவந்திபுரத்துக்குத் திவ்யப் பிரபந்தத்தில் ஒரு முகவரி உண்டு: பெரிய திருமொழி, மூன்றாம் பத்து, முதல் திருமொழி. தேவநாதப் பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்கள் அங்கே இருக்கின்றன. அடுத்து வரும் இரண்டு திருமொழிகள் தில்லைத் திருச்சித்திரகூடத்துக்கு, அதாவது சிதம்பரத்துக்கு உரியவை. பாசுரத்தை ஓதியறியாதவரும் இந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு எந்தப் பதிப்பிலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

அதே ஊருக்கு இன்னொரு முகவரியும் உண்டு. திவ்யதேசங்களை நாடுவாரியாக அடுக்கும்போது, நடுநாட்டில் இரண்டே தலங்கள்: திருவயிந்திரபுரம் என்னும் இந்த ஊர், திருக்கோவலூர். இந்த வரிசையில் சிதம்பரம் சோழநாட்டுக்குப் போய்விடுகிறது. நூல் வரிசையில் திருவந்திபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது தில்லை. தல வரிசையில் அந்த இடத்துக்குத் திருக்கோவலூர் வந்து நிற்கிறது. பாசுரங்கள் அவையேதான். அடுக்கும் முறை மாறியதும் அண்டை மாறிவிட்டது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த மாற்றத்தை நாள்தோறும் பார்க்கிறார்கள். அவர்களுடைய கருவியின் இடப்பக்கப் பட்டையில் திட்டத்தின் கோப்புகள் கிளை கிளையாக விரியும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் அந்தப் பட்டையின் தலைப்பில் ‘ஆண்ட்ராய்டு’, ‘புராஜெக்ட்’ என்று தேர்வுகள் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தால் கோப்புகள் வகைப்படி கூடி நிற்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் வட்டில் உள்ளபடி நிற்கும். நெட்பீன்ஸ் கருவியில் ‘புராஜெக்ட்ஸ்’, ‘ஃபைல்ஸ்’ என்று இரண்டு சாளரங்கள். எக்லிப்ஸில் ‘பேக்கேஜ் எக்ஸ்ப்ளோரர்’, ‘புராஜெக்ட் எக்ஸ்ப்ளோரர்’. விஷுவல் ஸ்டுடியோவில் ‘சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர்’. எக்ஸ்கோடில் ‘புராஜெக்ட் நேவிகேட்டர்’. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒரு காட்சியில் பார்த்த கோப்பை மறு காட்சியில் காணாமல் திணறுவார். கோப்பு எங்கும் போய்விடவில்லை. இந்த மரம் எந்த முறைப்படி அடுக்கப்பட்டது என்பதைத் தலைப்பு அவருக்குச் சொல்லவில்லை.

இந்தப் பட்டைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்கி, பிறகு பின்னுக்குப் போன ஒரு சொல் இதற்குப் பொருந்தும் என்பது என் முடிவு. அந்தச் சொல் ‘அடைவு’.

அடை என்னும் வேர்

திறமூல மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் டைரக்டரி என்பதற்கு ‘அடைவு’ என்று எழுதினார்கள். விண்டோஸின் தமிழ்முகம் ஃபோல்டருக்குக் ‘கோப்புறை’ என்றது. பள்ளிப் பாடநூல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது கோப்புறைதான். அடைவு என்றால் என்ன என்று கேட்டால் இன்றைய கணினி மாணவர் பலர் விழிப்பார்கள். ஆனால் இது மொழிபெயர்ப்பாளர் மேசையில் பிறந்த சொல் அன்று, பழைய சொல்.

வினையடியிலிருந்து தொடங்கி, அதிலிருந்து கிளைக்கும் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பது தேவநேயப் பாவாணர் சொல்லாராய்ச்சியில் கையாண்ட வழி. அவர் 1956 முதல் 1961 வரை சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அந்த வழியில் போனால், அடைதல் என்பது முதலில் ஓரிடத்தைச் சேர்தல். பறவை கூட்டில் அடைகிறது. ஆறு கடலை அடைகிறது. அடைத்தல் என்று பிறவினையானால் ஒன்றை உள்ளே சேர்த்து மூடுதல். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தைச் சேர்ந்துவிட்டால் அங்கே ஒழுங்கு பிறக்கிறது. ‘முறை’ என்ற பொருள் அங்கிருந்து வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் அடைவு என்பதற்கு முறை என்ற பொருளைத் தருகிறது. ‘அடைவே’ என்றால் முறையே, வரிசைப்படி.

முறை என்ற இந்தப் பொருள் ஒரு நூலின் பெயரிலேயே பதிந்திருக்கிறது. வைணவர்களிடம் ‘பெரிய திருமுடி அடைவு’ என்று ஒரு நூல் உண்டு; கந்தாடை நாயன் செய்தது என்பார்கள். ஆழ்வார்களையும் ஆசாரியர்களையும் வரிசைப்படுத்தி, அவரவர் பிறந்த ஊர், நட்சத்திரம், சீடர்கள் என்று குறித்துக்கொண்டே போகும் ஏடு அது. குருவின் கீழ் சீடர், அவர் கீழ் அவருடைய சீடர் என்று இறங்கும் வழியை அதில் தொடரலாம். ஆங்கிலேயர் இத்தகைய வழியை மரமாக வரைகிறார்கள்; நாம் கொடிவழி, கால்வழி என்கிறோம். அந்தக் கொடிவழியைக் காட்டும் ஏட்டுக்கு வைத்த பெயர் அடைவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசாரியர்களை அடக்கிய கூடு என்பதல்ல அதன் பொருள். யார் யாருக்குப் பின் வருகிறார் என்று சொல்லும் பட்டியல்.

அச்சு நூல்கள் வந்தபின் இந்தப் பொருள் இன்னும் உறுதிப்பட்டது. நூலின் பின்னால் சொல்லடைவு, பொருளடைவு, பெயரடைவு சேர்த்தார்கள். சங்க நூல்களை ஆராய்ந்த மொழியியலாளர்களுக்குச் சொல்லடைவு அன்றாடக் கருவி. இந்தக் கூட்டுச் சொற்களின் அமைப்பைக் கவனியுங்கள். ‘அடைவு’ பின்னால் நின்று இது ஒரு வரிசை என்கிறது. முன்னால் நிற்கும் சொல் எதன்படி வரிசை என்கிறது. முன்சொல் இல்லாமல் அடைவு தனியாக நின்றால் பாதிச் செய்திதான் கிடைக்கும்.

தனியே நிற்கும்போது வேறு தொல்லைகளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நகையை அடைவு வைப்பார்கள்; அடைவுக்கடை என்றால் அடகுக்கடை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அடைவுத் தேர்வு என்றால் மாணவர் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்று அளக்கும் தேர்வு. ‘புதிய அடைவு’ என்ற பொத்தானை ஆசிரியர் ஒருவர் புதிய சாதனை என்று படித்தால் அவர்மேல் குற்றமில்லை.

டைரக்டரியும் ஃபோல்டரும்

ஆங்கிலத்திலும் இந்த இரண்டு சொற்களும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. 1965இல் அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்ற இயக்குதளத்துக்காக டேலி, நியூமன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில்தான் கோப்புகளை மரமாக அடுக்கும் திட்டம் விரிவாக வந்தது. அதில் டைரக்டரி என்பது ஒரு தனிவகைக் கோப்பு. அதற்குள் இருப்பது பெயர்களின் பட்டியல். வேரிலிருந்து ஒரு கோப்பை எட்டும் வரை வழியில் வரும் பெயர்களைக் கோத்தால் கிடைப்பதை அவர்கள் ‘மரப்பெயர்’ என்றார்கள். பின்னால் வந்த யூனிக்ஸும் அதையே பின்பற்றியது. 1979இன் ஏழாம் பதிப்பில் டைரக்டரியில் ஒரு கோப்புக்கு ஒதுக்கிய இடம் 16 பைட்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. ஆகவே டைரக்டரிக்குள் கோப்புகள் இல்லை. கோப்புகளின் பெயரும், அவை எங்கே இருக்கின்றன என்று காட்டும் எண்ணும்தான் உண்டு. இதற்கு அடைவு என்று பெயர் வைத்த தமிழர் இயந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

ஃபோல்டர் வேறு வழியில் வந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்’ கணினி 1981இல் அலுவலக மேசையைத் திரையில் வரைந்தபோது தாள் மடிக்கும் உறையும் படமாக வந்தது. 1984இல் மெக்கின்டாஷ் அதைப் பரப்பியது. அந்த முதல் மெக்கின்டாஷின் வட்டில் கோப்புகள் எல்லாம் ஒரே தளத்தில் கிடந்தன. உறைக்குள் உறை என்பது திரைக்காட்சி மட்டுமே. வட்டிலும் உண்மையான அடுக்கு வந்தது 1985இல். விண்டோஸ் 95 வெளியானபோது மைக்ரோசாஃப்டும் டைரக்டரியை விட்டு ஃபோல்டருக்கு மாறியது. இயந்திரம் செய்வதைச் சொன்னது பழைய பெயர். பயனர் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னது புதிய பெயர்.

கோப்புறையும் அப்படித்தான் வென்றது. ‘உறை’ என்றதும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே விளங்கும். கோப்பு என்ற சொல்லிலும் ஒரு பொருத்தம் உண்டு. கோத்தலிலிருந்து வந்தது கோப்பு. ஓலைகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்த கைப்பழக்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. ஃபைல் என்பதும் நூலிழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே; தாள்களைக் கயிற்றிலோ கம்பியிலோ கோத்து வைத்த வழக்கத்தின் எச்சம் அது. ஆகவே கிளையில் தொங்கும் கொள்கலனுக்குக் கோப்புறை என்ற பெயர் இருக்கட்டும். அதை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு பெயர், ஒரு படி

மரக்காட்சிக்குப் பெயர் வைப்பதில் பெரிய இடர், ஒரே பெயர் இரண்டு படிகளில் வருவது. திவ்யப் பிரபந்தத்திலேயே அதைப் பார்க்கலாம். காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள் தொகுத்த நாலாயிரத்தில் இரண்டாம் ஆயிரத்தைப் பெரிய திருமொழி என்பார்கள். அந்த ஆயிரத்துக்குள் திருக்குறுந்தாண்டகம், திருநெடுந்தாண்டகம் ஆகியவற்றோடு பெரிய திருமொழி என்ற நூலும் இருக்கிறது. அந்த நூலில் பதினோரு பத்துகள். பத்துக்குள் இருக்கும் பகுதியின் பெயரும் திருமொழி. மூன்று படிகளுக்கு ஒரே பெயர். திருவாய்மொழியிலும் அப்படியே: முழு நூலும் திருவாய்மொழி, அதன் உட்பகுதியும் திருவாய்மொழி. ஓதுகிறவர்கள் தடுமாறுவதில்லை, முழுவதும் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. புதிதாக நூலைத் திறப்பவர்தான் தடுமாறுவார். திட்டத்தின் பெயரையே அதன் முதல் கோப்புறைக்கும், அதற்குள் இருக்கும் கோப்புறைக்கும் வைத்துவிடும் மென்பொருளாளர் புதியவரை இதே இடத்தில்தான் நிறுத்துகிறார்.

படிகள் தலைகீழாவதும் உண்டு. தொல்காப்பியத்தில் அதிகாரம் பெரிய பிரிவு: மூன்று அதிகாரம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல். திருக்குறளில் பால், அதன் கீழ் இயல், அதன் கீழ் அதிகாரம்: 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்துக் குறள். ஒரு நூலில் இயலைத் தன் கீழ் வைத்திருக்கும் சொல் மறு நூலில் இயலின் கீழ் போய்விடுகிறது. ‘மூன்றாம் அதிகாரம்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது பொருளதிகாரமா, நீத்தார் பெருமையா என்பது நூற்பெயர் தெரியாமல் விளங்காது. மென்பொருளில் ‘மாட்யூல்’, ‘பேக்கேஜ்’ என்ற சொற்களுக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு கணிமொழியிலும் அவை வெவ்வேறு படியில் நிற்கின்றன.

பெயர் எந்தத் தாய்க்கிளையின் கீழ் நிற்கிறது என்பதும் அதன் பொருளை மாற்றும். சைவர்கள் ‘கோயில்’ என்று மட்டும் சொன்னால் சிதம்பரம். தேவாரத் தலவரிசையில் சோழநாட்டுக் காவிரி வடகரையின் முதல் தலமாக அது நிற்கும். வைணவர்கள் அதே சொல்லைச் சொன்னால் திருவரங்கம். இரண்டு மரபிலும் சொல் தெளிவானதுதான். கிளையிலிருந்து பிய்த்து எடுத்த பிறகுதான் மயக்கம். ஆகவே தேடல் முடிவில் வெறும் கிளைப்பெயரைக் காட்டாமல் தாய்க்கிளையையும் சேர்த்துக் காட்டும் கருவியே நல்ல கருவி.

அடுக்கும் முறையைத் தலைப்பிலேயே சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூவர் தேவாரத்தை இரண்டு விதமாக அச்சிடுவார்கள்: பண்முறை, தலமுறை. பண்முறைப் பதிப்பில் ஒரே பண்ணில் அமைந்த பதிகங்கள் சேர்ந்து வரும். தலமுறைப் பதிப்பில் ஒரே ஊருக்குரிய பதிகங்கள் சேர்ந்து வரும். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூருக்கு உரிய பதிகங்கள் எல்லாம் ஓரிடத்தில் வேண்டும் என்பவர் தலமுறையை எடுப்பார். எடுக்கும் முன்பே உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். திருமுறைகளை வகுத்தவராக மரபு சொல்லும் நம்பியாண்டார் நம்பியும் கடலூர் மாவட்டத்துக்காரர்தான். ஊர் காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூர். தமிழின் இரண்டு பெரும் பாடல் தொகைகளைக் கிளைபிரித்து அடுக்கிய நாதமுனிகள், நம்பி இருவரும் அடுத்தடுத்த ஊரில் பிறந்திருக்கிறார்கள். தேவாரத்தைப் பதிப்பித்தவர்கள் வைத்த பண்முறை, தலமுறை என்ற இரண்டு சிறு தலைப்புகளிலிருந்து இன்றைய கருவி செய்பவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஓர் ஊரின் பல எழுத்துக்கூட்டல்

தலைப்புச் சரியாக அமைந்தாலும் கிளையின் பெயரை எப்படி எழுதுவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. திருவந்திபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அஹி என்றால் பாம்பு. அஹீந்திரன் பாம்புகளின் தலைவனான ஆதிசேடன். அவன் பெயரால் திருவஹீந்திரபுரம். ஆழ்வார் தமிழில் ஹகரம் போய் யகரம் வந்து திருவயிந்திரபுரம் ஆயிற்று. பேச்சில் ‘யி’ தேய்ந்து, ‘ந்திர’ சுருங்கி, திருவந்திபுரம் ஆயிற்று. சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், ஹொய்சள நரசிம்மனின் தளபதிகள் அவனை மீட்டதையும் கூறும் 1231–32ஆம் ஆண்டுக் கல்வெட்டு இவ்வூரில்தான் இருக்கிறது. அதை எபிகிராஃபியா இண்டிகாவில் பதிப்பித்தபோது ‘திருவேந்திபுரம்’ என்று எழுதினார்கள்; வரலாற்று நூல்களில் இன்றும் அந்தக் கூட்டலே தொடர்கிறது. நான்கும் ஒரே ஊர். தேடும் கருவிக்கு மட்டும் நான்கு வேறு ஊர்கள்.

இதற்கு 1965இன் அந்தக் கட்டுரையிலேயே வழி இருந்தது. டைரக்டரியில் இருவகைப் பதிவுகள் இருக்கலாம் என்றார்கள்: கோப்பையே நேராகக் குறிக்கும் கிளை, வேறோர் இடத்தில் உள்ள பதிவைச் சுட்டும் இணைப்பு. கிளைக்கு ஒரு பெயர், அந்த இடத்தில் வாழ்கிறவர்கள் சொல்லும் பெயர், போதும். மற்றக் கூட்டல்களை இணைப்புகளாக வைத்துவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் அதே இடத்துக்கு வந்து சேரலாம். மரத்தில் தெரிவது திருவந்திபுரம். தேடலில் அகப்படுவது நான்கும்.

இடமும் ஒரு கணக்கு. ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறி வழக்கமான சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கும். ‘அடைவு’ என்று எழுத ஐந்து குறி, ஆக 15 பைட். பழைய யூனிக்ஸின் 14 பைட்டில் அந்தச் சொல்லே அடங்காது. இன்றைய லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம் உண்டு. ‘திருவஹீந்திரபுரம்’ 51 பைட்டில் அடங்கிவிடும். ஆனால் திரையின் இடப்பக்கப் பட்டை இன்னும் குறுகலாகவே இருக்கிறது. நீளமான பெயரின் வால் வெட்டுப்படும். எனவே ஒரு பெயரை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் முன்னால் நிற்க வேண்டும். சொல்லடைவு, பொருளடைவு என்ற கூட்டுகளில் அது இயல்பாகவே முன்னால் நிற்கிறது.

வைக்கத் தக்க பெயர்கள்

இடப்பக்கப் பட்டைக்கு ‘அடைவு’ என்ற சொல்லைப் பின்சொல்லாக வைத்து, அடுக்கும் முறையை முன்சொல்லாக வைக்கலாம். வட்டில் உள்ளபடி காட்டினால் கோப்படைவு. வகைப்படி திரட்டிக் காட்டினால் வகையடைவு. பொதிகளின் (பேக்கேஜ்) வரிசையில் காட்டினால் பொதியடைவு. எல்லாவற்றுக்கும் பொதுவான சாளரத்துக்குத் திட்ட அடைவு. ‘ஆண்ட்ராய்டு’ என்றோ ‘எக்ஸ்ப்ளோரர்’ என்றோ எழுதியிருப்பதைக் காட்டிலும் இவை அதிகம் சொல்கின்றன. கிளைகளில் உள்ளவை கோப்புறை, கோப்பு. அடைவு என்பதைக் கோப்புறைக்கு மறுபெயராக எங்கும் எழுதக் கூடாது. ஒரு சொல் ஒரு படிக்கே உரியது.

புராஜெக்டுக்குத் திட்டம் என்பதே போதும். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாண்டுத் திட்டமும் திட்டம், குடிநீர்த் திட்டமும் திட்டம், நாளை என்ன செய்வது என்ற யோசனையும் திட்டம். இலங்கையில் அரசு அலுவலகங்கள் புராஜெக்டைக் கருத்திட்டம் என்று பிரித்து எழுதுகின்றன. ஆகவே கருவிக்குள் திட்டம் என்று ஒன்றைக் குறித்துவிட்டால், வேலைக்கால அட்டவணைக்கு அந்தச் சொல்லை மறுபடி எடுக்கக் கூடாது. பல திட்டங்களைச் சேர்த்து வைக்கும் ‘சொல்யூஷன்’ என்பதைத் ‘தீர்வு’ என்று எழுதினால் எந்தச் சிக்கலுக்குத் தீர்வு என்று கேட்கத் தோன்றும். திட்டத் தொகுதி என்றால் உள்ளே பல திட்டங்கள் இருப்பது விளங்கிவிடும்.

இவற்றில் எதையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கடலூரில் ஒரு பாலிடெக்னிக் மாணவரிடமும், யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருளாளரிடமும், கோலாலம்பூரில் ஒரு தமிழாசிரியரிடமும் மரத்தை மூடிய நிலையில் காட்டி, இந்தப் பெயரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கேட்க வேண்டும். மூவரும் ஒன்றையே சொன்னால் பெயர் தேறியது. சொல்லாவிட்டால், அதன் வேர் எவ்வளவு தொன்மையானதாக இருந்தாலும் வேறு பெயர் தேட வேண்டும். தமிழில் திறந்த கருவியில் தன் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாதவர் அமைப்புக்குப் போய் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார். ஒருமுறை மாற்றியவர் திரும்பத் தமிழுக்கு வருவது அரிது. மொழிபெயர்ப்பாளர்கள் இரவு பகலாக உழைத்து முடித்த ஆயிரக்கணக்கான வரிகள், இடப்பக்கப் பட்டையின் நான்கைந்து பெயர்கள் விளங்காத காரணத்தால் வீணாகின்றன. உழைப்பை முதலில் செலுத்த வேண்டிய இடம் அந்த நான்கைந்து பெயர்கள்தான்.